மோதிரத்துக்கு அளவு எடுத்த கதை

மதுரையில் நகை என்றால் தெற்காவணி மூல வீதி. கடைகள் வீதியில் இருக்கும். அந்தக் கடைகளுக்கு வேலை செய்கிற பட்டறைகள் வீதியை ஒட்டிய சந்துகளிலும் மாடிகளிலும், ஆள் குனிந்து நுழைகிற அறைகளில் இருக்கும். நான் அப்படி ஓர் அறையில் தொழில் கற்றவன். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தங்க வேலை, நான் மூன்றாம் தலைமுறை. எங்கள் பட்டறைக்கு மோதிரம்தான் முக்கியத் தொழில். ஆரமும் அட்டிகையும் செய்தவர்களின் பெயரை ஊர் சொல்லும். மோதிரம் செய்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆனால் அளவு தப்பினால் மோதிரத்தைப்போல் உடனே காட்டிக்கொடுக்கிற நகை வேறில்லை. சங்கிலி இரண்டு விரற்கடை நீண்டாலும் கழுத்தில் கிடக்கும். மோதிரம் சுற்றளவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் முட்டியில் நின்றுவிடும், இரண்டு மூன்று கூடினால் கை கழுவும்போது கழன்று போகும். இந்தச் சிறு அளவை எங்கள் தொழிலில் எப்படிப் பிடித்தார்கள், அந்தப் பிடி எப்படிக் கைமாறியது என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். எழுதுகிறவர்கள் எழுதாததால் நானே எழுதுகிறேன்.

முதலில் என் ஊர் அரசி ஒருத்தியின் மோதிரத்திலிருந்து தொடங்குகிறேன். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், பாசறையில் இருக்கும் பாண்டியனைப் பிரிந்து அரண்மனைக் கட்டிலில் கிடக்கிறாள் அரசி. பொன்வளைகளைக் கழற்றிவிட்டாள்; அவை அழுத்திய தடம் மட்டும் முன்கையில் இருக்கிறது. சங்கு வளையும் காப்பு நூலும் இருக்கின்றன, விரலில் ஒரு மோதிரம் இருக்கிறது. அந்த மோதிரத்தின் வளைவை வாளை மீனின் பிளந்த வாய்க்கு ஒப்பிடுகிறார் புலவர். சிலப்பதிகாரத்தில் மாதவி அலங்கரித்துக்கொள்ளும் இடத்திலும் இதே வாளை மீன் மோதிரம் வருகிறது. உரைகாரர்கள் அதை முடக்கு மோதிரம் என்கிறார்கள்.

தமிழ் படித்தவர்கள் இங்கே உவமையைப் பார்ப்பார்கள். பட்டறைக்காரன் கண்ணுக்கு அந்த மோதிரத்தின் செய்முறை தெரிகிறது. வாய் பிளந்தது என்றால் இரண்டு முனையும் சேர்த்துப் பற்றவைக்கப்படவில்லை, கம்பியையோ பட்டையையோ வளைத்து விட்டிருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட மோதிரத்துக்கு அளவு எடுக்கத் தேவையில்லை. விரல் பருத்தால் சற்று விரித்துக்கொள்ளலாம், மெலிந்தால் அமுக்கிக்கொள்ளலாம். பிரிவில் உடல் மெலிந்து கைவளை நெகிழ்ந்து விழுவதைச் சங்கப் பாட்டுகள் ஓயாமல் பாடுகின்றன. வளையைக் கழற்றிய அந்த அரசி மோதிரத்தை மட்டும் விரலில் விட்டிருந்ததற்குப் புலவர் வேறு காரணம் வைத்திருக்கலாம். எனக்கு, அது நெகிழாத மோதிரம் என்பதே போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

அந்த மோதிரத்தின் வம்சம் இன்னும் அழியவில்லை. கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் காலில் போடுகிற வெள்ளி மெட்டியைக் கவனித்துப் பாருங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கும். கால்விரலை யாரும் அளந்து மெட்டி செய்வதில்லை. போட்டுவிட்டு இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டால் நிற்கும். நெளி, வங்கி என்று பெண்கள் போட்ட மோதிரங்களில் சிலவற்றையும் அடியில் திறந்து விடுவது உண்டு.

மூடிய மோதிரத்துக்குத்தான் அளவு என்ற பேச்சே வருகிறது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் தமிழ்ப் பிராமி எழுத்து வெட்டிய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பொன் மோதிரத்தில் தித்தன் என்ற பெயர் இருக்கிறது. எழுத்து இடவலம் மாறி வெட்டப்பட்டிருந்தால் அது முத்திரை மோதிரம். மண்ணிலோ அரக்கிலோ அழுத்தினால் பெயர் நேராக விழும். முத்திரை குத்துகிற மோதிரம் விரலில் சுழலக் கூடாது. அழுத்தும்போது முகப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் பெயர் பாதிதான் பதியும். ஆகவே அதைச் செய்த கைக்கு விரலின் அளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கருவியால் அளந்தான் என்று எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. எங்கள் தொழிலில் எதுவுமே எழுதிவைக்கப்பட்டதில்லை.

எழுதிவைத்த இடத்திலும் எடையைத்தான் எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜ சோழனும் அவர் குடும்பத்தாரும் கொடுத்த நகைகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. தட்சிணமேரு விடங்கன் என்று பெயரிட்ட கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை முத்து, எத்தனை வைரம், அரக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறார்கள். செப்புத் திருமேனிகளின் உயரத்துக்கு முழமும் விரலும் சொல்கிறார்கள். நகையின் உள்சுற்று அளவு மட்டும் கல்லில் ஏறவில்லை. எடை உடையவனுக்கும் கணக்கனுக்கும் வேண்டிய விஷயம். அளவு, செய்கிறவனும் அணிகிறவனும் தங்களுக்குள் முடித்துக்கொள்கிற விஷயம்.

மதுரைக்காரனாக இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்குக் கேடு செய்தவன் என் ஊர்ப் பொற்கொல்லன். அந்தப் பழி எங்கள் தொழிலின்மேல் இன்றுவரை இருக்கிறது. அந்தக் காதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சிலம்பை வாங்கி அரசியின் காலில் ஒரு தடவை பொருத்திப் பார்க்கச் சொல்ல அந்த அவையில் ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்ப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை அது. இரண்டு பெண்களின் கால் ஒரே அளவில் இருப்பது அபூர்வம்.

தாத்தா காலத்துக்கு வருகிறேன். அவர் விரலை அளக்கச் செப்புக் கம்பியைத்தான் பயன்படுத்தினார். நூல் இழுபடும், முறுக்கு விட்டால் நீளும், ஈரம் பட்டால் சுருங்கும். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்ட மெல்லிய செப்புக் கம்பி கையோடு வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். விரலின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி முனைகளை முறுக்கிவிட்டு, முட்டியைத் தாண்டி மெல்ல உருவி எடுப்பார். வீட்டுப் பெண்கள் பட்டறைக்கு வர மாட்டார்கள். அவர்களுக்குக் கம்பியை அண்ணனோ அப்பாவோ கொண்டுபோய் அளந்து வருவார்கள். கம்பி இல்லாத இடத்தில் பனையோலையை நறுக்கிச் சுற்றி, சேருகிற இடத்தில் நகத்தால் கீறி அனுப்புவார்கள். ஓலை நீளாது. வேற்று ஆண்பிள்ளை கையால் பெண்ணின் விரலைத் தொட்டு அளப்பது அந்தக் காலத்தில் பழக்கமில்லை. தாத்தா நேரில் அளக்க நேர்ந்தாலும் கம்பி வளையத்தைத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டு, "தாயி, நீயே போட்டுப் பாரும்மா" என்பார்.

அளந்த கம்பி வளையங்களை அவர் எறியவில்லை. ஒரு தகரப் பெட்டியில் வீட்டுவாரியாகக் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு கோவையிலும் ஓலைத்துண்டில் அந்த வீட்டின் பெயர் இருக்கும். மூத்த மருமகன் விரல், இளையவன் விரல், பாட்டியின் நடுவிரல் எல்லாம் அதில் இருக்கும். அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து, "நாச்சியார் கல்யாணத்துக்குச் செஞ்ச அளவுலேயே ஒண்ணு செய்யுங்க ஆசாரி" என்றால் பெட்டியைத் திறப்பார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அது நாலு வருசம் முந்தி. இப்ப விரலு எப்படி இருக்கு, புள்ளை பெத்துட்டாளா?" என்று கேட்பார். பெட்டியில் உள்ள அளவோடு அந்தப் பதிலும் சேர்ந்தால்தான் அவருக்குக் கணக்கு முடியும்.

கணக்கு என்று சொன்னேன். மோதிரம் செய்யும்போது முதலில் செய்ய வேண்டிய கணக்கு, எவ்வளவு நீளத்தில் பட்டையை வெட்டுவது என்பது. விரலின் சுற்றளவு 54 மில்லிமீட்டர் என்றால் 54-க்கு வெட்டக் கூடாது. பட்டைக்குக் கனம் உண்டு. வளைக்கும்போது உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் விரியும். கனத்தைப்போல் மூன்று மடங்கும் சொச்சமும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 4.7 கூடும், ஆக 58.7 மில்லிமீட்டர். தாத்தாவுக்கு மில்லிமீட்டர் தெரியாது. பட்டையின் கனத்தைக் கம்பியில் மூன்று தடவை தள்ளி அடையாளம் வைத்து, "ஒரு மயிரிழை கூட" என்று சேர்த்துக்கொள்வார். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவுக்குச் சூத்திரம் படித்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

இரண்டு மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள 22 காரட் பட்டையில் 58.7 மில்லிமீட்டர் என்றால் மூன்று கிராமுக்குச் சற்றே மேல் தங்கம். சுற்றில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் சுமார் 50 மில்லிகிராம் கூடும். இரண்டு மில்லிமீட்டர் கூட்டினால் ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடைப் பொன். அதனால்தான் அளவு விஷயத்தில் வாடிக்கைக்காரருக்கு எங்கள்மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது. பெரிதாகச் செய்தால் கூலிக்கும் தங்கத்துக்கும் சேர்த்து வாங்குகிறான் என்பார்கள், சிறிதாகச் செய்தால் தங்கத்தை எடுத்துக்கொண்டான் என்பார்கள். அளவு சரியாக உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

விரலுக்கு ஓர் அளவு என்று நினைப்பதுதான் பிழை. முட்டிக்கு ஓர் அளவு, முட்டிக்குக் கீழே மோதிரம் உட்காருகிற இடத்துக்கு இன்னோர் அளவு. இளம்பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கையால் வேலை செய்து வளர்ந்தவர்களுக்கு, வயதானவர்களுக்கு, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு முட்டி தடித்திருக்கும், அடி மெலிந்திருக்கும். முட்டியைப் பார்த்துச் செய்தால் மோதிரம் அடியில் சுழலும். அடியைப் பார்த்துச் செய்தால் ஏறாது. அப்பா இரண்டையும் அளந்து, முட்டியின் அளவுக்குச் சற்றுக் குறைவாக வைப்பார். போடும்போது முட்டியில் லேசான தடை இருக்க வேண்டும், கழற்றும்போது முட்டியின் தோல் கொஞ்சம் மடிந்து திரள வேண்டும். உட்கார்ந்த பிறகு கட்டைவிரலால் தள்ளினால் சுழல வேண்டும், தானாகச் சுழலக் கூடாது. கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்வார். மோதிரம் நகராமல் இருந்தால், "சரி, போட்டுக்கங்க" என்பார்.

முட்டிக்கும் அடிக்கும் வித்தியாசம் மிக அதிகமானால் வேறு வழி உண்டு. மோதிரத்தின் உள்பக்கம், அடியில், இரண்டு சிறிய குண்டுகளை வைத்துப் பற்றவைப்போம். முட்டியைத் தாண்டிய பிறகு அந்தக் குண்டுகள் விரலின் சதையில் லேசாகப் பதிந்து மோதிரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கல் வைத்த மோதிரம் முகப்பின் பாரத்தால் பக்கவாட்டில் சாயும். அதற்கும் இது உதவும். ராசிக்கல் மோதிரத்துக்கு அடியைத் திறந்துவிட்டு, கல் தோலில் படும்படி செய்யச் சொல்வார்கள். அங்கே மோதிரம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். அகலப் பட்டை மோதிரம் மெல்லிய கம்பி மோதிரத்தைவிட அதிகத் தோலைப் பிடிப்பதால் அதற்கு அரை அளவோ ஓர் அளவோ கூட்டி வைக்க வேண்டும். கடைகளில் அளவு பார்க்கத் தரும் வளையங்கள் பெரும்பாலும் மெல்லியவை. அவற்றில் பார்த்துவிட்டு அகலப் பட்டை வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சிரமப்படுவது இதனால்தான்.

விரல் ஒரே நாளிலேயே மாறுகிற உறுப்பு. காலையில் மெலிந்திருக்கும், மாலையில் சற்றுப் பூரிக்கும். சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். உப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு வீங்கும். குடம் தூக்கி வந்த கையும் வெகுதூரம் தொங்கவிட்டு நடந்த கையும் அளவெடுக்க ஆகாது. மதுரைச் சித்திரை வெயிலில் அளந்து செய்த மோதிரம் மார்கழிக் காலையில் குளிர்ந்த தண்ணீரில் சோப்போடு சேர்ந்து எளிதாக நழுவும். தெப்பக்குளத்திலும் கிணற்றடியிலும் தொலைந்ததாக எங்கள் பட்டறைக்கு வந்து அழுதவர்களில் பெரும்பாலோர் மார்கழி, தை மாதத்தில்தான் வந்தார்கள். அப்பா அளவெடுக்க மாலை நேரத்தைத்தான் சொல்வார், வெயிலில் வந்தவரை முதலில் உட்கார வைத்து மோர் கொடுப்பார். மோதிரம் எந்தக் கைக்கு என்று கேட்டு அந்தக் கையைத்தான் அளப்பார். வேலை செய்கிற கையின் விரல் பெரும்பாலும் சற்றுத் தடித்திருக்கும்.

கர்ப்பிணிகளைப் பற்றி அவருக்குத் தனிக் கவலை. வளைகாப்பு நடக்கிற மாதத்தில் பலருக்குக் கைகால் வீங்கும். அதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார். அதையும் மீறி விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டு வந்தால், அவருடைய மருந்து நூல். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் விட்டுவிட்டு, மறுபக்கத்து நூலை முட்டி மறையும் வரை இடைவெளியில்லாமல் விரலைச் சுற்றி இறுக்குவார். பிறகு உள்ளே விட்ட முனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி முட்டியைத் தாண்டிவிடும். அதற்கும் வராமல் விரல் நீலம் பாரித்தால் யோசிக்காமல் வெட்டிவிட வேண்டும். தங்கத்தை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். மருத்துவமனைகளில் இதற்கென்று சிறு சக்கரம் வைத்த வெட்டுக்கருவி இருக்கிறது. தோலுக்கும் மோதிரத்துக்கும் நடுவே ஒரு தகடு போகும், சக்கரம் மேலிருந்து அறுக்கும்.

கல்யாண மோதிரத்தின் பாடு வேறு. நிச்சயத்தில் மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் மோதிரம் போட வேண்டும், ஆனால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விரலை நீட்டச் சொல்வது கௌரவக் குறைவு. மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பிடித்துப் பழைய மோதிரம் ஒன்றை இரவல் வாங்கி வருவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால், "எங்க சின்னவன் விரலு மாதிரிதான் இருக்கும்" என்று பெண்ணின் தம்பியை அழைத்து வருவார்கள். அந்த மாதிரி நேரத்தில் அப்பா ஓர் அளவு கூட்டியே செய்வார். சபையில் மோதிரம் முட்டியில் மாட்டி நின்றால் அது பெண்வீட்டுக்குத் தலைகுனிவு, அபசகுனம் என்றும் சொல்வார்கள். தளர்வாக இருந்தால் யாருக்கும் தெரியாது. விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மோதிரத்தின் அடிப்பக்கம் நூலைச் சுற்றிக்கொள்வார்கள். எத்தனை தமிழ்க் கைகளில் அப்படி நூல் சுற்றிய மோதிரத்தைப் பார்த்திருக்கிறோம்! அந்த நூல் அழுக்கேறி, மஞ்சள் ஏறி, பல வருடம் இருக்கும். பட்டறைக்கு வந்து சிறிதாக்கிக்கொள்ளலாம்தான். கல்யாண மோதிரத்தை வெட்டக் கூடாது என்று பல வீடுகளில் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை நாங்கள் மதித்தோம்.

வெட்டாமல் பெரிதாக்க 22 காரட் தங்கம் இடம் கொடுக்கும். கூம்பாகச் சரிந்து போகும் இரும்புக் கோலில் மோதிரத்தைக் கோத்துச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் பட்டை மெலிந்து சுற்று விரியும். ஓர் அளவு, சில மோதிரத்தில் இரண்டு அளவு. அதற்கு மேல் தட்டினால் பட்டை தேய்ந்து பலவீனமாகும். அறுத்து ஒட்டுத் துண்டு வைக்க வேண்டும். சிறிதாக்க வேண்டுமானால் ஒரு துண்டை எடுத்துவிட்டு, முனைகளை நெருக்கி, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயைப் பாய்ச்சுவோம். பொடி உருகி இழைந்து ஓடியது கண்ணுக்குத் தெரிந்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். அரைக்கணம் தாமதித்தால் மோதிரமே உருகும்.

1963 ஜனவரியில் இந்தத் தங்கமே எங்கள் கையை விட்டுப் போயிற்று. சீனப் போர் முடிந்த கையோடு, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்று ஆயிற்று. 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். அது கடினமாக இருக்கும், வளைத்தால் திமிறும், கோலில் கோத்துத் தட்டினால் விரிவதற்குள் கீறும். 22 காரட்டில் பழகிய கைகளுக்கு அது வேறு உலோகம். அதைவிட, வாங்க ஆளில்லை. தமிழ் வீட்டில் யாரும் 14 காரட்டைத் தங்கம் என்று ஏற்கவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் பட்டினி கிடந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. எங்கள் அப்பா பஞ்சாலையில் கூலிக்குப் போனார். நான் அப்போது சிறுவன். அடுப்பில் தீயில்லாத பட்டறை நினைவிருக்கிறது. 14 காரட் கட்டுப்பாடு 1966-இல் நீங்கியது. ஆனால் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, உரிமம், பதிவேடு, சோதனை என்று 1990 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தொழிலை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அளவெடுக்கிற பழக்கத்தில் முதல் முறிவு அங்கே விழுந்தது என்பது என் தீர்மானம். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கற்க வேண்டிய பிள்ளைகளை இதில் விடக் கூடாது என்று பெற்றவர்களே முடிவெடுத்தார்கள்.

இரண்டாவது மாற்றம் எண். வெளிநாடுகளில் மோதிர அளவுக்கு முறை வைத்து வெகுகாலமாகிறது. இங்கிலாந்தில் எழுத்து, ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் சுற்றளவில் 1.25 மில்லிமீட்டர் வித்தியாசம். அமெரிக்காவிலும் கனடாவிலும் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் சுற்றளவு இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். உலகத் தர நிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 8653, உள்சுற்றளவை மில்லிமீட்டரில் அப்படியே அளவாகச் சொல்கிறது. நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் எண், அந்தச் சுற்றளவிலிருந்து ஏறத்தாழ 40-ஐக் கழித்தால் வருவது. 54 மில்லிமீட்டர் சுற்றுள்ள மோதிரம் இங்கே 14, அமெரிக்காவில் ஏறக்குறைய 7, லண்டனில் என் என்ற எழுத்தை ஒட்டி வரும்.

இதனால் வருகிற குழப்பம் சிறியதில்லை. டொரன்டோவில் இருக்கும் மகள் தொலைபேசியில் "ஏழு" என்பாள். அம்மா இங்கே கடையில் வந்து "ஏழு" என்பார். நம் கணக்கில் ஏழு என்றால் 47 மில்லிமீட்டர் சுற்று, மிக மெல்லிய விரலுக்கு உரியது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மோதிரம் செய்யும்போது எண்ணைக் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பொருந்துகிற பழைய மோதிரம் ஒன்றின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் நீளாத காகிதப் பட்டையை விரலின் அடியிலும் முட்டியிலும் சுற்றி இரண்டு அளவையும் அனுப்பச் சொல்லுங்கள்.

எண் கெட்டதென்று நான் சொல்லவில்லை. தாத்தாவின் கம்பி வளையம் அவர் பெட்டிக்கு வெளியே யாருக்கும் பயன்படாது, எண் கடல் தாண்டியும் பயன்படும். என் வருத்தம் வேறு. மெழுகு அச்சில் வார்த்து எடுக்கிற மோதிரம் வந்த பிறகு விரலுக்காக மோதிரம் செய்வது குறைந்தது. செய்து வைத்த மோதிரங்களில் விரல் தனக்கானதைத் தேடிக்கொள்கிறது. 14-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள விரலுக்கு எது கடையில் இருக்கிறதோ அதுவே அளவு. விற்கிற பிள்ளைகள் வளையக் கொத்தைக் கொடுத்து, "எது சரியா இருக்கு சார்?" என்று வாங்குகிறவரையே கேட்கிறார்கள். முட்டி எப்படி, எந்த வேலை செய்கிறீர்கள், கை எப்போது வீங்கும் என்று கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சுற்றிலும் கல் பதித்த மோதிரமானால் பிறகு கூட்டவும் குறைக்கவும் இடமில்லை என்பதையும் பல கடைகளில் முன்கூட்டிச் சொல்வதில்லை.

2021 ஜூன் முதல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகத் தொடங்கியது. இப்போது ஹால்மார்க் இடுகிற ஒவ்வொரு நகையிலும் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் வெட்டப்படுகிறது. தங்கத்தின் தரத்தில் வாங்குகிறவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அளவு மாற்றக் கொடுக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோதிரத்தில் அந்த முத்திரை உள்பக்கம் இருக்கும். வெட்டுகிறவர் அந்த இடத்தைத் தொடாமல் வேறு இடத்தில் வெட்ட வேண்டும், ஒட்டு வைக்கும் துண்டும் அதே 916, அதாவது 22 காரட் தங்கமாக இருக்க வேண்டும். இரண்டையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

தெற்காவணி மூல வீதிச் சந்துகளில் பட்டறைகள் குறைந்துவிட்டாலும் அடுப்பு அணையவில்லை. கும்பகோணத்திலும் கோயம்புத்தூரிலும் நாகர்கோவில் வடசேரியிலும் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து மோதிரம் செய்ய நினைக்கும்போது, கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஊரில் பட்டறை இருக்கிறதா என்று விசாரித்து, அங்கே போய் விரலை நீட்டுங்கள். மாலையில் போங்கள், எந்தக் கையில் போடப்போகிறீர்களோ அந்தக் கையைக் காட்டுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.